பயமில்லை என்று எழுதிய வீடு

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரண்யா தண்ணீர் குடிக்க எழுந்து போகாமல் இருந்திருந்தால், இந்தக் கதையை வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்திருக்கும். தோசைக்கல் அகலத்துக்கு ஒரு காரைப்பாளம் மேல்தளத்திலிருந்து பெயர்ந்து, அவள் தலை வைத்திருந்த தலையணையின் மேல் விழுந்தது. தலையணை கிழியக்கூட இல்லை. நடுவில் மட்டும் குழிந்துபோய்க் கிடந்தது. தாய்க்காரி மருதாயி அடுப்படியிலிருந்து ஓடி வந்து அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரண்யா சொம்பும் கையுமாகப் பின்னால் வந்து, “என்னம்மா சத்தம்?” என்று கேட்டபோது மருதாயி அவளை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே இருக்கிற காலனி அது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் இருபத்திரண்டு. சரண்யா பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் கட்டியது. ஒரு கூடம், ஒரு அடுப்படி, தலைக்கு மேலே கான்கிரீட். அன்றைக்குக் கூரை வீட்டிலிருந்து குடி வந்தவர்களுக்கு அது அரண்மனைதான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் அந்த அரண்மனைக்குள் வைத்த கம்பி இருபத்தைந்து வருஷமாகத் துருப்பிடித்துப் பருத்துக்கொண்டே வந்தது. பருத்த கம்பி காரையைத் தள்ளியது. மழை இறங்கினால் விரிசல் வழியே செந்தண்ணீர் வடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மருதாயி வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடந்தாள். சோற்றை வாசல் அடுப்பில் பொங்கினாள். சாப்பிடும்போது இலையைச் சுவர் ஓரமாகப் போடச் சொன்னாள். அறந்தாங்கியில் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற மகள், சாயங்காலம் வந்து களைப்பில் எங்கே சாய்ந்தாலும், “எந்திரி, அங்கிட்டுப் போ, இங்கிட்டு வா” என்று நகர்த்திக்கொண்டே இருந்தாள். நோயாளிக்குக்கூட இவ்வளவு இடம் மாற்ற மாட்டார்கள். விரிசல்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மின்விசிறிக் கொக்கியிலிருந்து சன்னல் வரை ஒன்று, அதன் நடுவில் இருந்து அடுப்படிப் பக்கம் ஒன்று. எங்கே விழும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

அந்தக் கணக்கையும் புருஷன் வெள்ளைச்சாமி கெடுத்தான். அவன் கொத்தனார், நல்ல வேலைக்காரன். ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை சரண்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் மூன்று நாள் லீவு போட்டான். பெயர்ந்த இடத்தில் சிமெண்டுக் கலவையை அப்பி, கரணையால் தேய்த்து, விரிசல்களைப் பட்டி பார்த்து, மேலே வெள்ளையும் சுவருக்கு இளநீலமும் அடித்து முடித்தான். அண்ணாந்து பார்த்தால் எங்கே பழசு, எங்கே புதுசு என்று பிரம்மாவுக்கே தெரியாது.

“துருப்பிடிச்ச கம்பி மேல பூசினா நிக்குமாங்க?” என்று மருதாயி கேட்டாள்.

“பூ வைக்கிற வரைக்கும் நிக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் கல்யாணம் முடிஞ்சு புள்ள அங்க போயிரும். நம்ம ரெண்டு பேரு தலைதான.”

மருதாயிக்கும் அதுதான் நினைப்பு. இந்தத் தளத்துக்கு அடியிலிருந்து மகளைக் கிளப்பிவிட்டால் போதும். மாப்பிள்ளை கோபிநாத், விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனி பஸ் ஓட்டுகிறான். கீரனூருக்கு உள்ளே தள்ளி வீடு. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவள் மூன்றாவது வீட்டுப் பிச்சையம்மாள், மாப்பிள்ளையின் பெரியம்மா, மருதாயிக்கு மதினி முறை. முதலில் ஆண்கள் நாலு பேர் கீரனூர் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வந்தார்கள். வெள்ளைச்சாமி வந்து, “நல்ல வீடு, முன்னால கொட்டகை எறக்கியிருக்காங்க” என்றான். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் வந்தார்கள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தின்றார்கள். பெண்ணைப் பிடித்தது. வீட்டையும் பார்த்து, “பளிச்சுன்னு வச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வருகிற புதன்கிழமை பூ வைக்க நாள் குறித்தாயிற்று. அவர்கள் பதினோரு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் மருதாயி மூச்சை எண்ணிக்கொண்டு நின்றாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளை அடித்ததற்கு அப்புறம் எது எங்கே விழும் என்றே தெரியவில்லை. கூடம் முழுக்கப் பயமாகிவிட்டது.

திங்கட்கிழமை நூறு நாள் வேலை. கண்மாய்க்கு வருகிற வாய்க்காலில் மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வானம் கூட்டிக்கொண்டு வந்தது, விழவில்லை. பதினோரு மணிக்குப் பழைய சோற்றுத் தூக்குகளைத் திறந்து, சுட்ட கருவாட்டைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தபோது, ஆள்கணக்கு எடுக்கிற சந்தனமேரி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நாளைக்கு நம்ம காலனிக்கு ஒரு சர்வே வருதாம். வீட்டுக்கு வீடு அறுபத்து நாலு கேள்வி. எல்லாரும் வீட்ல இருங்க.”

“என்ன சர்வே? ரேஷன் கார்டா?”

“அது இல்ல. மனுசருக்குப் பாதுகாப்பு எப்படி இருக்குன்னு கணக்கெடுக்குறாங்க. சோறு, நோவு, வேலை, தண்ணி, பொயலு, வீடு, ஊருக்குள்ள சண்டை சச்சரவு, எல்லாத்தையும் கேட்டு எம்புட்டுப் பயமில்லாம இருக்கீங்கன்னு மார்க்குப் போடுவாங்களாம்.”

பிச்சையம்மாள் கருவாட்டு முள்ளை உருவிக்கொண்டே, “பயத்த எதுலடி அளப்பாங்க, மரக்காலுலயா படியிலயா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிங்க. மார்க்கு கொறைஞ்ச ஊருக்குத்தான் அடுத்த வருசம் மொதல்ல வேலை நடக்குமாம். புது வீடு, தண்ணித் தொட்டி, ஆஸ்பத்திரி, எல்லாம் அந்த நம்பரப் பாத்துத்தான்.”

“அப்ப பெயிலானாத்தான் பாஸுன்னு சொல்லு.”

“அப்படித்தான் வச்சுக்கங்களேன்.”

“எங்க வீட்டுல என்ன கொறை இருக்கு சொல்றதுக்கு” என்றாள் பிச்சையம்மாள். “புதன்கெழம என் தங்கச்சி வீட்டுலேருந்து அம்புட்டுச் சனம் வருது. வீட்டுல இது இல்ல, அது இல்லன்னு எவகிட்டயோ சொல்லிக்கிட்டு இருக்கவா?” சொல்லிவிட்டு மருதாயியைப் பார்த்தாள். சாதாரணமாகப் பார்த்ததுதான். மருதாயி தூக்கை மூடி வைத்துவிட்டாள்.

சர்வேக்காரப் பெண் செவ்வாய்க்கிழமை காலையில் தூறலோடு வந்து இறங்கினாள். பெயர் பிரகதீஸ்வரி, புதுக்கோட்டை டவுன், இருபத்தைந்து வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தொடுதிரை டேப். எந்த வீட்டுக்குப் போனாலும் பின்னாலேயே ஐந்தாறு பெண்கள் போனார்கள். அது இந்தக் காலனி வழக்கம். ஒரு வீட்டுக்கு யாராவது வந்தால் மற்றவர்களும் வந்து வாசலில் நின்று, வீட்டுக்காரிக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். தனியாகக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் இரண்டு வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

மருதாயி வீட்டுக்கு வரும்போது பதினொன்றரை. தூறல் வலுத்ததால் எல்லோரும் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். பிரகதீஸ்வரி நாற்காலியை நடுவில் போட்டாள்.

“அங்கிட்டு வேணாம்மா, இங்கிட்டு செவத்தோரம் உக்காருங்க.”

“பரவால்லக்கா, இங்க வெளிச்சமா இருக்கு.”

மருதாயி பிடிவாதமாக நாற்காலியோடு அவளை இழுத்துச் சுவர் ஓரம் வைத்தாள். பிச்சையம்மாள் உரிமையோடு மருதாயிக்கு அருகிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கேள்விகள் ஓடின. போன மாதம் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்ததா, ஆஸ்பத்திரி எத்தனை மைல், புயலில் என்ன சேதம், ராத்திரி தனியாகப் பஸ்ஸில் வர மகளுக்குப் பயமா. மருதாயி சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டிக்கொண்டே போனாள்.

“கூரை என்ன வகைக்கா? ஓலை, ஓடு, தகரம், கான்கிரீட்டு.”

“கான்கிரீட்டு.”

“கான்கிரீட்டுன்னா அஞ்சு மார்க். அதுவே போட்டுக்கும்.” அண்ணாந்து பார்த்தாள். “நல்லா பெயின்ட் அடிச்சு வச்சிருக்கீங்க.” டேப்பைத் தூக்கி மேல்தளத்தை ஒரு போட்டோ எடுத்தாள். “கடைசியா ஒண்ணு. இந்த வீட்டுக்குள்ள இருக்கையில ஒங்க உயிருக்கோ, பிள்ளைங்க உயிருக்கோ ஆபத்து வரும்னு பயம் இருக்கா? இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். நாலுல ஒண்ணு சொல்லுங்க.”

‘எப்போதும்’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மருதாயி வீட்டுத் தளம் இடிந்து விழப்போகிறதாம், பூசி மறைத்துப் பெண்ணைக் காட்டியிருக்கிறார்கள் என்று மத்தியானத்துக்குள் கீரனூருக்குப் போன் போய்விடும். பிச்சையம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்றாள் மருதாயி.

அந்தப் பெண் தட்டினாள். டேப் ஒரு சத்தம் கொடுத்தது. கூட்டம் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனது.

அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சரண்யா, அதற்கு அப்புறம்தான் வெளியே வந்தாள்.

“ஏம்மா அப்படிச் சொன்ன?”

“மெதுவாப் பேசு. மதினி இப்பத்தான் போறா.”

“புது வீடு தர்றதுக்குத்தான எழுத வந்திருக்கு அந்தப் பொண்ணு. பயமில்லன்னு சொல்லி அனுப்பிட்டியே.”

“ஒனக்குப் பூ வச்சு முடியட்டும். ஒன்னய அங்கிட்டு அனுப்பிட்டாப் போதும் எனக்கு.”

“நான் போயிட்டா? நீயும் அப்பாவும் இதுக்குக் கீழதான கெடப்பீங்க? ஒருநா போன் வரும், ஒங்க அம்மா போயிட்டான்னு. நான் கீரனூர்ல உக்காந்து அதக் கேக்கணுமா?”

“வாயக் கழுவு.”

சரண்யா வாயைக் கழுவவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து, கூடத்து நடுவில், ஆவணி மாதம் தலையணை கிடந்த அதே இடத்தில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எந்திரிடி.”

“பயமில்லன்னு எழுதிக் கொடுத்துட்டீல்ல. பயமில்லாத எடத்துலதான் உக்காந்திருக்கேன்.”

“சரண்யா, வெளையாடாத. மழை எறங்குது.”

“போயி மாத்தி எழுதச் சொல்லிட்டு வா. வந்தாத்தான் எந்திரிப்பேன்.”

மருதாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மகள் கல்லாக உட்கார்ந்திருந்தாள். ஊமைச் சத்தமாக எங்கோ ‘டிக்’ என்றது. தளமா, வாளியில் சொட்டிய தண்ணீரா, தெரியவில்லை. மருதாயி அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையாக இருந்தது, ஒரு கோடு இல்லை. புதுப் பெயின்டின் நடுவில் கை அகலத்துக்கு ஈரம் மட்டும் லேசாகப் பரவிக்கொண்டிருந்தது. சேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள். சம்பந்தம், பிச்சையம்மாள், புதன்கிழமை எதுவும் அப்போது அவள் மண்டையில் இல்லை.

நாலு வீடு தள்ளி, சந்தனமேரி வீட்டு வாசலில் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிச்சையம்மாளும் இருந்தாள். மருதாயிக்கு மூச்சு வாங்கியது.

“அம்மா, நான் சொன்னது பொய். எம் வீட்டுக்குள்ள எனக்கு எப்போதும் பயம். படுத்தாப் பயம், உக்காந்தாப் பயம். ஆவணி மாசம் எம் புள்ள தலையில விழுகப் பாத்துச்சு. பூசி மறைச்சிருக்கோம். அத மாத்தி எழுதுங்க.”

பிரகதீஸ்வரி தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அக்கா, முடிச்ச பாரத்த நானாத் தெறக்க முடியாது. மேல இருக்கவங்க தெறந்துவிடணும். அவங்க போட்டோவப் பாப்பாங்க. ஒங்க போட்டோல சீலிங் புதுசா இருக்கு. வாயால சொன்னேன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க.”

“என்ன செய்யணும்?”

“கம்பி வெளிய தெரியணும்க்கா. அப்படி ஒரு போட்டோ இருந்தா நான் இப்பவே போன் பண்ணித் தெறக்கச் சொல்வேன். நாலு மணி வரைக்கும்தான் இங்க இருப்பேன்.”

மருதாயி யாரையும் பார்க்காமல் திரும்பி நடந்தாள். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

மழை நாளென்று வேலைக்குப் போகாத வெள்ளைச்சாமி டீக்கடையிலிருந்து அப்போதுதான் வீட்டு வாசலுக்கு வந்திருந்தான். கூடத்து நடுவில் மகள் உட்கார்ந்திருப்பதையும், வாசலில் கூட்டத்தையும் பார்த்து விழித்தான்.

“நீங்க பூசினதக் கொத்தி விடுங்க” என்றாள் மருதாயி.

“ஒனக்கென்ன கிறுக்கா? நாளைக்குப் பூ வைக்க வாராங்க.”

“நான் சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டாச்சு.”

அவன் பிச்சையம்மாளைப் பார்த்தான். பிச்சையம்மாள் சேலை முந்தியைப் பிழிந்துகொண்டு தரையைப் பார்த்தாள். அதற்குள் மருதாயி உள்ளே போய்ச் சாக்குக்கு அடியில் கிடந்த சுத்தியலை எடுத்து நாற்காலியின் மேல் ஒரு காலை வைத்துவிட்டாள். வெள்ளைச்சாமி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினான்.

“எறங்கு. ஒனக்கு எங்க தட்டணும்னு தெரியாது. மொத்தமா வந்துரும். பாப்பா, வெளிய போ.”

சரண்யா எழுந்து வாசலுக்கு வந்தாள். மருதாயி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச்சாமி சுவர் ஓரமாக நின்றே, சாரம் கட்டுகிற மூங்கில் கழியை நீட்டி, தான் மூன்று நாள் தேய்த்து மழமழவென்று ஆக்கின இடத்தை ஒரு தட்டுத் தட்டினான். சுத்தியலுக்கு வேலையே வரவில்லை. முதலில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. இரண்டாவது தட்டுக்குக் கதவுப் பலகை அகலத்துக்கு ஒரு பாளம் மொத்தமாகப் பெயர்ந்து, பாயின் மேல் இறங்கியது. வாசல் தரை வரை அதிர்ந்தது. புழுதி அடங்கியதும் மேலே பார்த்தார்கள். கம்பிகள் சிவந்து, இற்று, சில இடத்தில் அறுந்து தொங்கின.

பாய் இருந்த இடம் தெரியவில்லை. “நான் சும்மாதாம்மா உக்காந்தேன்” என்றாள் சரண்யா.

பிரகதீஸ்வரி வாசற்படியில் நின்றபடியே போட்டோ எடுத்தாள். உள்ளே வெளிச்சம் போதாமல் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. போனில் யாரிடமோ கெஞ்சினாள், அதட்டினாள், மறுபடி கெஞ்சினாள். கடைசியில் டேப்பில் பாரம் திறந்தது.

“அக்கா, இப்பச் சொல்லுங்க. இல்லை, எப்போதாவது, அடிக்கடி...”

“எப்போதும்.”

“இத நான் அனுப்பிருவேன். வீடு எப்ப வரும்னு எனக்குத் தெரியாதுக்கா. பொய் சொல்ல மாட்டேன்.”

“சரிம்மா” என்றாள் மருதாயி. இனிமேல் பிச்சையம்மாளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்தாள். பிச்சையம்மாள் இன்னும் அண்ணாந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“மதினி, மறைச்சது தப்புத்தான். புள்ள மேல குத்தமில்ல. ஒங்க தங்கச்சிக்கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க.”

“நான் என்னத்தச் சொல்ல.” பிச்சையம்மாள் முந்தியால் முகத்தைத் துடைத்தாள். “காலையில இந்தப் பொண்ணு எங்க வீட்டுல கேட்டப்ப நானும் பயமில்லன்னுதான் சொன்னேன். நீ பக்கத்துல நின்ன. மாப்பிள்ளைக்குப் பெரியம்மா வீட்டுல இப்படின்னு ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன்.” வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினாள். “தம்பி, அந்தக் கழியக் கொண்டுக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. அடுப்படிக்கு மேல காரை கொட்டாம துணி கட்டி வச்சிருக்கேன்.”

கூட்டத்தில் ஒருத்தி, “எங்க வீட்டுக்கும் வந்துருங்கண்ணே” என்றாள். இன்னொருத்தி பிரகதீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நாளைக்கு...” என்று மருதாயி இழுத்தாள்.

“நாளைக்கு நாளைக்குத்தான். வாசல்ல தார்ப்பாய் கட்டி அங்கிட்டு வச்சுப் பூ வைப்போம். ஒருத்தரும் உள்ள போக வேணாம்.” பிச்சையம்மாள் அவள் தோளைத் தட்டினாள். “இதுக்குப் போயா சம்பந்தத்த முறிப்பா என் தங்கச்சி? அவளுக்குத் தெரியாததா. அவ வீடும் நம்ம வீடு கட்டுன அதே வருசம், அதே திட்டத்துல கட்டுனதுதான். முன்னால கொட்டகை எறக்கினதால தெரியாது.”

சொல்லிவிட்டுப் பிச்சையம்மாள் மழையில் இறங்கித் தன் வீட்டுக்கு நடந்தாள். பெண்கள் பின்னாலேயே போனார்கள்.

மருதாயி மகளின் கையை விடாமல் அங்கேயே நின்றாள். வெள்ளைச்சாமி கழியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கப் போனவன், அவள் பார்ப்பது தெரிந்து நின்றான்.

“நீங்க கீரனூர் போனப்ப அந்த வீட்டுக்குள்ள போனீங்கல்ல?”

“போனேன்.”

“நீங்க கொத்தனாரு. மேல அண்ணாந்து பாத்திருப்பீங்கல்ல?”

வெள்ளைச்சாமி தோளில் இருந்த கழியைக் கீழே ஊன்றினான். மகளைப் பார்த்தான். அப்புறம் மழையைப் பார்த்தபடி சொன்னான்.

“புதுசா வெள்ளை அடிச்சிருந்துச்சு.”